எச்.ஐ.வி.யும் மூளை நரம்புகளும்: வணிகர்கள் அறிய வேண்டியவை



எய்ட்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எலும்பும் தோலுமாக இளைத்துப்போன ஓர் உருவம்தான் நம் கண்முன் வந்து நிற்கிறது. தீராத காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காசநோய் ஆகியவையே அதன் அடையாளங்கள் என்று நினைத்துப் பழகிவிட்டோம். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களெல்லாம் கேட்டன. அதன் பிறகு இந்நோயைப் பற்றிய பேச்சு டீக்கடை வரை வந்தது. ஆனால் உடம்பில் புகுந்த எச்.ஐ.வி. கிருமி மூளையையும் தண்டுவடத்தையும் கைகால் நரம்புகளையும் தாக்கும் என்பது இன்றும் நம்மில் பலருக்குத் தெரியாது.

இதை வணிகர் இதழில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம் தொழிலில் மூலதனத்துக்கு அடுத்தபடி முக்கியமானவை ஆளின் தலையும் கையும். எந்த மூட்டை எந்த அடுக்கில் இருக்கிறது, யாரிடம் எவ்வளவு பாக்கி நிற்கிறது, நேற்று மிளகாய் வற்றல் என்ன விலைக்குப் போயிற்று என்பதெல்லாம் ஏட்டில் ஏறுவதற்கு முன் ஒருவர் தலையில் ஏறியிருக்கிறது. அந்தத் தலை தடுமாறினால் நாம் முதலில் நினைப்பது குடி. அடுத்தது களவு. நோயாக இருக்குமோ என்ற எண்ணம் கடைசியில்தான் வருகிறது; பல சமயம் வருவதே இல்லை. இதனால் நாம் ஒரு நல்ல ஆளை இழக்கிறோம். அவரோ வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டிய காலத்தை இழக்கிறார்.

நாம் மருத்துவம் படித்தவர்கள் அல்ல. விவரம் தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை நமக்குப் புரிகிற பேச்சில் இங்கே தருகிறோம்.

சென்னையில் தெரியவந்த கிருமி

1981 ஜூன் மாதம் அமெரிக்காவில் இந்நோய் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு வெளிவந்தது. 1983-இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் கிருமி பிரித்தெடுக்கப்பட்டது. அந்தக் கண்டுபிடிப்புக்காக பிரான்சுவாஸ் பாரே-சினூசி அம்மையாரும் லூக் மோந்தனியேயும் 2008-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்தியாவில் இக்கிருமி இருப்பது முதலில் தெரியவந்தது நம் சென்னையில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறையில் இருந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்துப் பார்த்தபோது அவற்றில் ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளோர் சுமார் 25 லட்சம் பேர்.

சென்னையில் கிருமி தெரியவந்த அதே 1986-இல், நியூயார்க் நகரத்து நரம்பியல் மருத்துவர்கள் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் ஒருவகை மறதி நோயைப் பற்றி விரிவாக எழுதினார்கள். ஆகவே கிருமிக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு மருத்துவ உலகத்துக்குப் புதிய செய்தி அல்ல. அது நம் கடைத்தெரு வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

மூளைக்குள் நுழையும் வழி

இரத்தத்தில் ஓடுவதெல்லாம் மூளைக்குள் போய்விட முடியாது. மூளைக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் இடைவெளி இல்லாமல் நெருங்கி நின்று காவல் காக்கின்றன. வேண்டிய சத்தை உள்ளே விடும். வேண்டாததைத் தடுத்து நிறுத்தும்.

எச்.ஐ.வி. இந்தக் காவலைத் தாண்டுவது பெரும்பாலும் வெள்ளையணுக்களின் துணையால்தான். நோயை எதிர்க்கும் படையைச் சேர்ந்த சில வெள்ளையணுக்கள் மூளைக்குள் போய் வரும் உரிமை பெற்றவை. கிருமி அவற்றுக்குள் ஒளிந்துகொண்டு உள்ளே போகிறது. நம் கிடங்குக்குப் பருப்பு மூட்டைக்குள் வண்டு வந்து சேர்வதைப் போல. வாசலில் மூட்டையை எண்ணி இறக்குகிறோமே தவிர உள்ளே இருக்கும் வண்டை எண்ணுவதில்லை.

எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதுதான் ஆச்சரியம். புதிதாகத் தொற்றியவர்களைத் தாய்லாந்தில் சோதித்து 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தொற்றி எட்டே நாளில் ஒருவரின் தண்டுவட நீரில் கிருமி காணப்பட்டது. வழக்கமான இரத்தப் பரிசோதனையில் தெரிவதற்கு முன்பே அது அங்கே போய்விடுகிறது. எய்ட்ஸ் முற்றிய பிறகுதான் மூளைக்குப் போகும் என்று நினைப்பது சரியல்ல. போவது முதலிலேயே நடக்கிறது. கேடு வெளியே தெரிவதற்குத்தான் பல ஆண்டுகள் ஆகின்றன.

உள்ளே போன கிருமி குடியிருப்பது மூளையின் துப்புரவுப் பணியாளர்கள் என்று சொல்லத்தக்க அணுக்களில். மைக்ரோகிளியா, மேக்ரோஃபேஜ் என்று அவற்றுக்குப் பெயர். கழிவை அகற்றுவதும் அந்நியக் கிருமியை விழுங்குவதும் இவற்றின் வேலை. மைக்ரோகிளியா அணுக்கள் நெடுங்காலம் உயிர் வாழ்பவை. அதனால் அவற்றில் ஒளிந்த கிருமியும் நெடுங்காலம் அங்கேயே இருக்கிறது.

நரம்பணு கெடும் விதம்

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் சிந்திப்பதற்கும் நினைவு வைப்பதற்கும் கைகால் அசைப்பதற்கும் காரணமான நரம்பணுவுக்குள் எச்.ஐ.வி. புகுவதில்லை. நரம்பணு கெடுவது பக்கத்து வீட்டுத் தீயால்.

கிருமி குடியிருக்கும் அணுக்கள் இரண்டு வகையான நச்சை வெளியே விடுகின்றன. ஒன்று, கிருமியின் சொந்தப் புரதங்கள். ஜி.பி.120 என்றும் டாட் என்றும் அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். இரண்டாவது, எரிச்சலுற்ற அந்த அணுக்கள் தாமே சுரக்கும் அழற்சிப் பொருள்கள். இவற்றால் குளூட்டமேட் என்ற பொருள் நரம்பணுக்களைச் சுற்றி அளவுக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. அளவோடு இருந்தால் அதுதான் ஒரு நரம்பணுவிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி கொண்டுபோகும் பொருள். மிகுந்துவிட்டால் நரம்பணுவை ஓயாமல் தூண்டித் தூண்டிச் சோர்ந்து கெட வைத்துவிடுகிறது.

நரம்பணு உடனே செத்துப்போவதில்லை. முதலில் அதன் கிளைகள் சுருங்குகின்றன. பிறகு ஒரு நரம்பணுவுக்கும் இன்னொன்றுக்கும் இடையே உள்ள இணைப்புகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. மரம் நிற்கிறது, கொப்புகள் போய்விட்டன என்ற நிலை அது. இந்த நிலையில் மருந்து கிடைத்தால் பெரும்பகுதி திரும்பத் தளிர்க்க இடமுண்டு. மரமே பட்டுப்போன பிறகு பயன் குறைவு. சீக்கிரம் மருத்துவம் செய்ய வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

கேடு அதிகம் விழுவது மூளையின் ஆழத்தில் அசைவையும் வேகத்தையும் ஒழுங்குபடுத்தும் பகுதிகளிலும், ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நரம்பு இழைக் கட்டுகளிலும். ஆகவே இந்நோயின் முதல் குணம் மறதி என்பதைவிட மந்தம் என்பதே பொருத்தம். முதுமையில் வரும் அல்சைமர் நோயில் பெயரும் முகமும் மறந்துபோகும். இதில் கேட்டதற்குப் பதில் தெரியும். வந்து சேரத்தான் நேரமாகும். ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கவனிக்க முடியாது. தொலைபேசியில் ஆர்டர் எடுத்துக்கொண்டே எதிரில் நிற்பவருக்குச் சில்லறை கொடுக்கும் நம் அன்றாட வேலை பெரும் பாடாகிவிடும்.

ஒரு கணக்குப்பிள்ளையின் கதை

நமக்குத் தெரிந்த ஒரு மண்டியில் நடந்ததைச் சொல்கிறோம். ஊரும் பெயரும் வேண்டாம். சம்பந்தப்பட்டவரே நம்மிடம் சொல்லி, எழுதவும் சம்மதித்தார்.

அவர் அங்கே பதினெட்டு ஆண்டுகள் கணக்கு எழுதியவர். எழுத்து அச்சுப் போல இருக்கும். நாற்பது வயதைத் தாண்டிய சமயம், நாள்வழியில் கூட்டல் பிழைகள் வரத் தொடங்கின. ஒரே சரக்குக்கு இரண்டு முறை பில் போட்டார். எழுத்து சுருங்கிக் கோணலாயிற்று. கலகலவென்று பேசுகிறவர் வாயடைத்துப் போனார். நடையில் தள்ளாட்டம் தெரிந்தது. முதலாளி குடி என்று முடிவு செய்தார். மூன்று மாதக் கணக்கு இடித்ததும் கையாடல் என்றே பேச்சு எழுந்து, ஆளை நிறுத்திவிட்டார்.

பிறகு ஏடுகளை வேறொருவர் உட்கார்ந்து சரிபார்த்தார். சில பிழைகளில் கடைக்கு நட்டம். சில பிழைகளில் கடைக்கு லாபம். மொத்தத்தில் இடித்த தொகை மிகச் சொற்பம். திருடுகிறவன் கணக்கு ஒரே பக்கம்தான் சாயும் என்பது நமக்கெல்லாம் தெரியும். இது இரண்டு பக்கமும் சாய்ந்திருந்தது.

அதற்குள் அவர் வீட்டுப் படியில் தடுக்கி விழுந்து அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தார். ஆலோசனை சொல்லி இரத்தம் எடுத்ததில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. மூளையில் கட்டியோ வேறு தொற்றோ இல்லை என்று படம் எடுத்தும் தண்டுவட நீரைச் சோதித்தும் உறுதி செய்தார்கள். கிருமியே மூளையைத் தொட்டிருக்கிறது என்றார்கள். கூட்டு மருந்து தொடங்கி ஓராண்டில் நடை சீராயிற்று. எழுத்து திரும்பியது. பழைய வேகம் முழுதும் வரவில்லை. இன்று வேறொரு கடையில் கொள்முதல் ஏடு எழுதுகிறார். பழைய மண்டியில் அவர்மேல் விழுந்த பெயர் மட்டும் இன்னும் முழுதாக நீங்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, மறக்கிற ஆளையெல்லாம் எச்.ஐ.வி. என்று சந்தேகிக்கக் கூடாது. சர்க்கரை நோய், தைராய்டு குறை, பி-12 வைட்டமின் குறை, மன வருத்தம், தூக்கமின்மை, குடி, தலையில் அடி என்று காரணங்கள் பல உண்டு. அவையே அதிகம். ஆளைப் பார்த்து நோய் சொல்வது மருத்துவராலேயே முடியாத காரியம். நாம் சொல்ல வருவது ஒன்றே: பழைய, நம்பிக்கையான ஆள் திடீரென்று தடுமாறினால், குற்றம் என்று முடிவு கட்டுமுன் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

கூட்டு மருந்து வருவதற்கு முன் எய்ட்ஸ் முற்றியவர்களில் ஐந்தில் ஒருவர் வரை கடுமையான மறதி நோய்க்கு ஆளாகினர். இப்போது நிலைமை வேறு. அமெரிக்காவில் 1,555 பேரைச் சோதித்து 2010-இல் வெளியான ஆய்வில், கடுமையான நிலையில் இருந்தவர்கள் நூற்றுக்கு 2 பேர். அன்றாட வேலையில் ஓரளவு குறை தெரிந்தவர்கள் நூற்றுக்கு 12 பேர். தேர்வு வைத்தால் மட்டும் தெரியும் சிறு குறை உள்ளவர்கள் நூற்றுக்கு 33 பேர். இந்தச் சிறு குறைக் கணக்கு சற்று மிகை என்று கருதும் மருத்துவர்களும் உண்டு.

காலில் தொடங்கும் எரிச்சல்

மூளையை விட அதிகமாகப் பாதிக்கப்படுவது காலின் நரம்பு. இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி எரிச்சல், குத்தல், மரத்துப்போதல் தொடங்கும். காலுறை போட்ட அளவுக்கு மெல்ல மேலேறும். இரவில் போர்வை பட்டாலே வலிக்கும் என்பார்கள். நீண்ட நரம்பின் நுனி முதலில் கெடுவதால் பாதம் முதலில் அகப்படுகிறது. நாள் முழுதும் நின்று எடை போடுகிற ஆளுக்கும் மூட்டை சுமக்கிற ஆளுக்கும் இது பெரும் துன்பம். மரத்த காலில் ஆணி குத்தினாலும் தெரியாது.

இதே எரிச்சல் சர்க்கரை நோயாலும் குடியாலும் வரும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநயசிட் மாத்திரையாலும் வரும். அதைத் தடுக்கத்தான் கூடவே பி-6 வைட்டமின் தருகிறார்கள். முன்பு எச்.ஐ.வி.க்குக் கொடுத்த ஸ்டாவுடின் என்ற மருந்தே பலருக்குக் கால் நரம்பைக் கெடுத்தது. 2009-இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. இப்போதைய மருந்தில் அந்தத் தொல்லை இல்லை.

நோய் முற்றிய சிலருக்குத் தண்டுவடமும் கெடும். கால்கள் விறைத்து, நடை தடுமாறி, சிறுநீரை அடக்க முடியாமல் போகும்.

கிடங்குப் பூனையும் புறாவும்

இதுவரை சொன்னது கிருமி நேரே செய்யும் கேடு. நம் நாட்டில் அதிகம் காணப்படுவது இன்னொரு வகை. எச்.ஐ.வி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அழித்த பிறகு, அந்தச் சமயம் பார்த்து வேறு கிருமிகள் மூளையைத் தாக்குகின்றன. எதிர்ப்புச் சக்தியை அளக்க சி.டி.4 என்ற வெள்ளையணுவை எண்ணுகிறார்கள். நலமானவருக்கு 500-க்கு மேல் இருக்கும். அது 200-க்குக் கீழே போனால் ஆபத்து. 100-க்குக் கீழே போனால் பேராபத்து.

முதலாவது, மூளையுறையைத் தாக்கும் காசநோய். வாரக்கணக்கில் தலைவலி, காய்ச்சல், வாந்தி, பிறகு மயக்கம். உடனே வைத்தியம் செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து.

இரண்டாவது, கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை. புறா எச்சம் கலந்த மண்ணிலும் தூசியிலும் இது வளரும். மூச்சோடு உள்ளே போகும். நலமானவரை இது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு மூளையுறைக் காய்ச்சலாகிவிடும். கடும் தலைவலியோடு பார்வையும் கெடும்.

மூன்றாவது, டாக்சோபிளாஸ்மா. பூனையின் மலத்திலிருந்தும் சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும் வருவது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் மூளையில் கட்டிகளை உண்டாக்கும். ஒரு பக்கம் கைகால் விழுதல், வலிப்பு இதன் அடையாளங்கள். நல்ல செய்தி என்னவென்றால், கோட்ரைமாக்சசோல் என்ற மலிவான மாத்திரை இதை வராமல் தடுக்கிறது. சி.டி.4 குறைந்தவர்களுக்கு அரசு மையங்களில் அதை இலவசமாகத் தருகிறார்கள்.

மளிகைக் கிடங்கில் எலிக்காகப் பூனை வளர்ப்பதும், தானியத்தைத் தேடிப் புறா கூடு கட்டுவதும் நமக்குப் பழகியவை. பூனையை விரட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. பூனைக் கழிவையும் புறா எச்சத்தையும் உலர்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, கையுறை போட்டு, முகத்தில் துணி கட்டி அள்ளுவது எல்லோருக்கும் நல்லது. சாளரத்துக்கு வலை அடித்தால் புறா வராது. நம்மிடம் வேலை செய்வோரில் யாருக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்பது நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

நம் பக்கத்தில் அக்கி வந்தால் காவி குழைத்து அக்கி எழுதுவார்கள். அக்கி என்பது நரம்பில் ஒளிந்திருந்த சின்னம்மைக் கிருமி மறுபடி கிளம்புவது. வயதானவர்களுக்கு இது சாதாரணம். இளவயதில் கடுமையாக வந்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ மருத்துவர்கள் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். திடீரென்று ஒரு பக்க முகம் கோணிக்கொள்ளும் முகவாதமும் சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றிய தொடக்கத்தில் வருவதுண்டு. பெரும்பாலோருக்கு இவை வேறு காரணத்தால் வருபவையே. ஆயினும் எழுதிக்கொண்டதோடு நிற்காமல் மருத்துவரையும் பார்ப்பது நல்லது.

மருந்து செய்யும் வேலை

1987-இல் முதல் மருந்து வந்தது. 1996-இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தபின் நோயின் போக்கே மாறிற்று. இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து தரத் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதில் முன்னோடி மையங்களில் ஒன்று. 2017 முதல் சி.டி.4 எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும், கிருமி தெரிந்தவுடனேயே மருந்து தருகிறார்கள். இப்போது பெரும்பாலோருக்கு டோலுடெகிராவிர் சேர்ந்த மாத்திரை, நாளைக்கு ஒன்று.

இம்மருந்து கிருமியை அடியோடு ஒழிப்பதில்லை. அது பெருகாமல் அடக்கி வைக்கிறது. பெருகாத கிருமி மூளையில் நச்சைக் கக்குவதும் குறைகிறது. ஒழுங்காக மருந்து எடுத்து, இரத்தத்தில் கிருமி காணப்படாத நிலையை அடைந்து அதில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவு மூலம்கூட மற்றவருக்குத் தொற்றுவதில்லை என்று 2016-லும் 2019-லும் வெளியான ஆய்வுகள் காட்டிவிட்டன.

உடம்பு தேறிவிட்டது என்று மருந்தை நிறுத்தினால் எல்லாம் பாழ். விட்டு விட்டு மருந்து எடுத்தவர்களிடையே நோயும் சாவும் கூடியதை 2006-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. மூளை பாதிக்கப்பட்டவருக்கு இங்கே ஒரு சிக்கல். மறதியால் மாத்திரை விட்டுப்போகும். மாத்திரை விட்டுப்போனால் மறதி கூடும். வீட்டார் ஒருவர் தினமும் ஒரே நேரத்தில் நினைவுபடுத்துவது, அலைபேசியில் மணி வைப்பது ஆகியவை பெரிய உதவி. குடியை விட்டாக வேண்டும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். ஏற்கெனவே அடிபட்ட மூளைக்கு அவை இரண்டாம் அடி.

சட்டம் சொல்வது

2017-இல் நாடாளுமன்றம் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. முதலாளிகளாகிய நாம் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

வேலைக்குச் சேர்க்கவோ வைத்திருக்கவோ எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கக் கூடாது. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவர் இரத்தத்தைச் சோதிக்கக் கூடாது. அவருடைய நிலையை அவர் சம்மதமின்றி மற்றவருக்கு வெளிப்படுத்தக் கூடாது. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது. வேலைக்குத் தகுதியில்லை என்று சொல்வதானால் தகுதியுள்ள மருத்துவ வல்லுநரின் எழுத்து மூலமான மதிப்பீடு வேண்டும். மாற்று வசதி ஏன் செய்து தர இயலவில்லை என்பதையும் முதலாளி எழுத்தில் தர வேண்டும். 100 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும்.

கடையில் நாம் செய்யக்கூடியவை

ஒருவர் வேலையில் தடுமாறினால், தனியே அழைத்து உடம்புக்கு என்ன என்று கேளுங்கள். நான்கு பேர் முன்னால் அதட்டாதீர்கள். பொது மருத்துவரிடம் போக ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள். என்ன பரிசோதனை செய்வது என்பதை மருத்துவரும் அவரும் முடிவு செய்யட்டும். முடிவை நம்மிடம் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம்.

கணக்கு இடித்தால் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று முதலில் பாருங்கள். சரிபார்க்க இன்னொருவரை வையுங்கள். வேகம் குறைந்த ஆளைக் கல்லாவிலிருந்து மாற்றி, நிதானமாகச் செய்யக்கூடிய வேலை கொடுங்கள். செய்ய வேண்டியதைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தால் பலர் தவறில்லாமல் செய்வார்கள். மாதம் ஒரு முறை மருந்து வாங்கப் போக வேண்டும் என்று விடுப்புக் கேட்டால் துருவிக் கேட்காமல் கொடுங்கள்.

ஒன்றாகச் சாப்பிடுவதாலும், ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பதாலும், பணத்தை எண்ணி வாங்குவதாலும், ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதாலும் எச்.ஐ.வி. தொற்றாது. அவர் மடித்த பொட்டலத்தால் வாடிக்கையாளருக்கும் எதுவும் ஆகாது. இதை மற்ற ஆட்களுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியது நம் கடமை.

கடும் தலைவலியோடு காய்ச்சல், வலிப்பு, திடீர்க் குழப்பம், ஒரு பக்கக் கைகால் விழுதல் ஆகியவை யாருக்கு வந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். விவரம் இரகசியமாக வைக்கப்படும். சந்தேகம் கேட்க 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில், காவல் நிலையம், தீயணைப்பு எண்களோடு இதையும் எழுதி ஒட்டி வைக்கலாம். யாருக்குத் தேவையோ அவர் பார்த்துக்கொள்வார். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நம் சங்கக் கிளைகள் பல இடங்களில் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை முகாம்கள் நடத்துகின்றன. டிசம்பர் 1-ஆம் தேதி உலக எய்ட்ஸ் நாள். அதையொட்டி நடத்தும் முகாமுக்கு நம்பிக்கை மைய ஆலோசகர் ஒருவரையும் அழைத்து, முதலாளிகளும் தொழிலாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து கேட்க ஏற்பாடு செய்யுமாறு கிளை நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். செலவு அதிகமில்லை. நாற்காலியும் தேநீரும் நாம் கொடுத்தால் போதும்.